தேதி இல்லாதவர்களுக்கும் ஒரு நாள்

1915 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. முதலாவது, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அடுத்தது, புத்தாண்டின் முதல் நாள். நம் கணக்கில் இரண்டுமே மாசி மாதம், அமாவாசையை ஒட்டி வந்தவை. இரண்டு நாளும் சிங்கப்பூரில் துப்பாக்கிகள் வெடித்தன. இரண்டிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள்.

1942ஐத் தீவு முழுவதும் நினைவில் வைத்திருக்கிறது. அது முழுமைத் தற்காப்பு நாள். அண்மைய ஆண்டுகளில், பிரிட்டிஷார் சரணடைந்த நேரத்தைக் குறித்து, அன்று மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கிறது. பிடோக் நார்த்தில் எங்கள் வீட்டுக்கு அது நன்றாகவே கேட்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் பெர்சிவல், யாமாஷிட்டா, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலை என்று கடகடவெனச் சொல்கிறார்கள். 1915 என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய தாத்தா பாட்டிகளே அதைப் பற்றிப் பேசியதில்லை.

காலையில் கைப்பேசியைத் திறந்தால் ‘வரலாற்றில் இன்று’ வந்துவிடுகிறது. யார் தொகுத்தது என்று தெரியாது, ஆனால் ஒரு நாள் தவறாமல் வருகிறது. நான் அதை விரும்பிப் படிக்கிறவன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் செய்தித்தாள் படிக்கக் கூடும் முதியவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். பிப்ரவரி 15 என்றால் கலிலியோ பிறந்தார், 1564. கவிஞர் மிர்சா காலிப் டெல்லியில் காலமானார், 1869. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேறின, 1989. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தது, 2013. இவற்றோடு சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஒரு வரியாக வரும். எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் இந்தப் பட்டியல் எங்கோ, யாருக்காகவோ தொகுக்கப்பட்டது. நம் வாசலில் நடந்தது அதில் இல்லை என்றால் அதைச் சேர்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

1915இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் உலகப் போர் தொடங்கியதும் இங்கிருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. அதன் இடத்துக்கு 1914 அக்டோபரில் இந்தியாவிலிருந்து ஐந்தாம் இலகு காலாட்படை வந்தது. ஏறத்தாழ 850 பேர். பெரும்பாலோர் டெல்லிக்கு மேற்கே ரோத்தக், ஹிசார் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள், மற்றவர்கள் பட்டாணியர்கள். அலெக்சாண்ட்ரா முகாமில் தங்கியிருந்தார்கள். துருக்கியின் சுல்தான் பிரிட்டனுக்கு எதிரணியில் நின்ற நேரம் அது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) இயக்கத்தின் பேச்சும் அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. படையை ‘நோர்’ என்ற கப்பலில் ஹாங்காங்குக்கு அனுப்ப உத்தரவு வந்தது. உண்மையில் துருக்கியரோடு சண்டையிடத்தான் கொண்டுபோகிறார்கள் என்று முகாமில் வதந்தி பரவியது. நம் மதத்தாரையே சுடச் சொல்வார்களா என்ற கலக்கம் அவர்களை வாட்டியது. பிப்ரவரி 15 காலையில் தளபதி ரிடவுட் வழியனுப்பு அணிவகுப்பைப் பார்வையிட்டு அவர்களைப் பாராட்டிப் பேசினார். பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் முதல் குண்டு வெடித்தது.

எட்டு அணிகளில் நான்கு கலகத்தில் இறங்கின. ஊர் புத்தாண்டு விடுமுறையில் இருந்தது. கலகக்காரர்களில் ஒரு கூட்டம் தங்ளின் முகாமுக்குப் போய், அங்கே அடைத்துவைத்திருந்த முந்நூறு ஜெர்மானியர்களை விடுவித்தது. அந்த ஜெர்மானியர்களில் எம்டன் கப்பலைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆம், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டதே, அதே எம்டன். சென்னையைக் கலங்கடித்த கப்பலின் ஆட்கள் ஐந்து மாதத்துக்குள் சிங்கப்பூரில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களைக் கூட்டாளிகளாக்க வட இந்தியச் சிப்பாய்கள் கதவைத் திறந்தார்கள். எம்டனைப் பற்றிக் கதை கதையாகப் பேசும் நாம் இந்தப் பகுதியை மட்டும் எப்படி விட்டோம்! ஜெர்மானியரில் பெரும்பாலோர் கலகத்தில் சேர மறுத்துவிட்டார்கள். எம்டனின் அதிகாரி லாட்டர்பாக் முதலிய சிலர் குழப்பத்தைப் பயன்படுத்தித் தப்பிப் போனார்கள்.

கலகக்காரர்கள் வழியில் எதிர்ப்பட்ட ஐரோப்பியப் பொதுமக்களையும் சுட்டுக் கொன்றார்கள். இதை மறைத்து அவர்களுக்கு மாலை போடச் சொல்லவில்லை. அதேபோல், அவர்களுக்குக் கிடைத்த தண்டனையை மறைப்பதும் சரியில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். 47 பேருக்கு மரண தண்டனை. சுபேதார் டுண்டே கான், ஜமேதார் சிஸ்தி கான் ஆகியோர் தலைவர்களாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சுடப்பட்டார்கள். அவுட்ரம் சாலைச் சிறையின் வெளிச்சுவரை ஒட்டி நிற்கவைத்து, ஊர் மக்கள் பார்க்கச் சுட்டார்கள். மார்ச் 25 அன்று ஒரே நாளில் 22 பேர். அதைப் பார்க்கக் கூடியவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். சிப்பாய்களோடு பழகிய, காப்பிக்கடை வைத்திருந்த குஜராத்தி வணிகர் காசிம் மன்சூர் மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்.

“அவங்க வடநாட்டுக்காரங்க, நமக்கென்ன?” என்று கீழ்த்தளத்தில் கூடும் எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். கலகம் அடங்கியதும் இங்கிருந்த இந்தியர்கள் எல்லாரும் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சிராங்கூன் சாலையில் மாடு வைத்துப் பால் கறந்தவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும், செட்டித் தெருவில் கணக்கு எழுதியவருக்கும் அந்த உத்தரவு பொதுதான். கலகத்தில் ஒரு கல்லைக்கூட எறியாதவர்கள் தங்கள் விசுவாசத்தைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. நமக்கென்ன என்று கேட்க அன்றைய தமிழர்களுக்கு வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கலகத்தை அடக்க பிரிட்டிஷாரிடம் ஆள் போதவில்லை. பிரெஞ்சுக் கப்பலும் ரஷ்யக் கப்பலும் உதவிக்கு வந்தன. ஓட்டோவா, சுஷிமா என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களும் வந்தன. சிங்கப்பூரில் குடியிருந்த ஜப்பானியர்கள் ஏறத்தாழ இருநூறு பேர் துப்பாக்கி வாங்கிக்கொண்டு காவலுக்கு நின்றார்கள். அலெக்சாண்ட்ரா முகாமைப் பிடிக்க ஜப்பானியக் கடற்படையினர் உதவினார்கள். 27 ஆண்டு கழித்து அதே அலெக்சாண்ட்ராவில், 1942 பிப்ரவரி 14 அன்று, ஜப்பானியப் படை மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்றது. மறுநாள் தீவு விழுந்தது. 1915ஐ அறியாமல் 1942ஐப் படிப்பவருக்கு ஜப்பானியர் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர்களாகத் தெரிவார்கள். அவர்கள் முன்பே இந்தத் தீவுக்கு, பிரிட்டிஷாரின் அழைப்பின் பேரில், ஆயுதத்தோடு வந்து போனவர்கள்.

1942இல் 80,000க்கும் மேற்பட்ட வீரர்கள் கைதானார்கள். அதில் பாதியளவு இந்தியர்கள். சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17, இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். இன்று லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் எம்ஆர்டியில் இறங்கும் அதே ஃபேரர் பார்க். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் எழுந்து இந்தியாவின் விடுதலைக்காகப் படை திரட்டுவோம் என்றார். இந்திய தேசிய ராணுவத்தின் பிறப்பு அது. யாருடைய போரில் யாருக்காகச் சாவது என்று 1915இல் அலெக்சாண்ட்ராவில் எழுந்த கேள்விதான் 1942இல் அந்தத் திடலிலும் எழுந்தது. முதல் முறை கேட்டவர்களைச் சுவரில் சாய்த்துச் சுட்டார்கள். இரண்டாம் முறை கேட்டவர்களில் பலர் பின்னாளில் நேதாஜியின் பின்னால் போனார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

தேதி என்பதே ஓர் ஏற்பாடுதான் என்பதையும் 1942 காட்டிவிட்டது. ஜப்பானியர்கள் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். தங்கள் முதல் பேரரசரிடமிருந்து எண்ணும் கணக்குப்படி அந்த ஆண்டு 2602 ஆனது. தங்கள் நாட்டின் தொடக்க நாளாகக் கொண்டாடிய பிப்ரவரி 11க்குள் சிங்கப்பூரைப் பிடித்துவிட வேண்டும் என்று ஜப்பானியத் தளபதி யாமாஷிட்டா நினைத்திருந்தார். நான்கு நாள் தவறிவிட்டது. கலிலியோ பிறந்த 15ஆம் தேதிகூடப் பழைய ஜூலியன் நாள்காட்டியின் 15தான். இன்று நம் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கு மாற்றினால் பிப்ரவரி 25 வரும். ஆகவே ஒரே தேதியில் இத்தனை பேர் பிறந்தார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கிரகங்களின் வேலை எதையும் நான் காணவில்லை. மனிதர்கள் சில நிகழ்ச்சிகளை வேண்டுமென்றே ஒரு நாளில் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில்தான் எனக்கு அக்கறை.

பீச் ரோட்டில் நான்கு தூண்களாக உயர்ந்து நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். 1962இல் சிக்லாப்பில், எங்கள் பிடோக்குக்குப் பக்கத்திலேயே, ஜாலான் புவே பூன் அருகே மனித எலும்புகள் கிடைத்தன. ஜப்பானியர்கள் சீனர்களை வடிகட்டிக் கொன்ற படுகொலையில் மாண்டவர்களுடையவை. அப்போது ஈஸ்ட் கோஸ்ட் சாலையை ஒட்டியே கடல் இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியது 1960களிலிருந்துதான். பிடோக்கும் சிக்லாப்பும் ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டங்களும் கடற்கரையுமாக இருந்ததால் கொலைகாரர்களுக்கு வசதியாயிற்று. எலும்புகளைத் தோண்டி எடுத்து, 600க்கும் மேற்பட்ட தாழிகளில் வைத்து அந்தச் சின்னத்தின் கீழே புதைத்தார்கள். அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ அதைத் திறந்துவைத்த நாள் 1967 பிப்ரவரி 15. அது தற்செயலன்று, தீவு விழுந்த நாளை எண்ணி வைத்த நாள். கொல்லப்பட்டவர்கள் அநேகமாகச் சீனர்கள். ஆனால் தூண்கள் நான்கு, நான்கு மொழிகளிலும் எழுத்து, அதில் தமிழும் உண்டு. எங்கள் மாடியில் குடியிருந்த சீன மூதாட்டி ஒருவர் தம் அண்ணனுக்கு அந்தத் தேதியை ஒட்டியே ஊதுவத்தி ஏற்றிவந்தார். அண்ணன் எந்த நாளில் இறந்தார் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. லாரியில் ஏற்றிப் போனது மட்டும் தெரியும்.

இந்தத் தேதி தெரியாதவர்கள்தான் என்னை எழுதவைத்தவர்கள். பணி ஓய்வு பெறும்வரை நான் அரசாங்கச் சேவை முகப்பு ஒன்றில் படிவம் வாங்கிச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். பிறந்த தேதி என்ற இடத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். நம் வயதான பெண்கள் பலர் அந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். “ஜப்பான்காரன் வந்தப்ப எனக்கு நடை பழகிருச்சு தம்பி” என்பார் ஒருவர். “ஆடிப்பூரத்துக்கு மறுநாளுன்னு அம்மா சொல்லும், வருசம் தெரியலையேப்பா” என்பார் இன்னொருவர். 1948இல் அடையாள அட்டை வந்தபோது பலருக்கு உத்தேசமாக ஒரு தேதியையோ ஆண்டை மட்டுமோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள் நம்மில் இத்தனை பேர் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பிறந்த நாளே இப்படி என்றால் இறந்த நாள்? ஜப்பானியர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர்களை எண்ணிப் பாருங்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைத் தண்டவாளங்களும் சேர்ந்தன. அந்தத் தேதி புத்தகங்களில் இருக்கிறது. அங்கே மாண்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என்று ஒவ்வொரு கல்லிலும் பொறித்திருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வாந்திபேதி வந்தவர்களைக் கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். யாரும் ஏட்டில் எழுதவில்லை. அவர்களுக்காகத் தமிழர்கள் அண்மையில்தான் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள்.

என் தாய்மாமா அப்படிப் போனவர். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். 1943இல் கங்காணி பெயர் வாசித்தபோது போனவர், திரும்பவில்லை. அவருடைய பால் வெட்டும் கத்தி என் தாயாரின் இரும்புப் பெட்டியில் வெகு காலம் இருந்தது. வளைந்த முனை தேய்ந்துபோய், பிடியில் துணி சுற்றியிருக்கும். திதி தெரியாத காரணத்தால் அம்மா ஒவ்வோர் ஆண்டும் மகாளய அமாவாசையில் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்வார். எந்த நாளில் இறந்தார் என்று தெரியாதவர்களுக்கு அந்த நாள் என்பது நம் வழக்கம். காட்டில் செத்தவர், கடலில் போனவர், ஊரைவிட்டுப் போய்த் தகவலே வராதவர், எல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள். நம் முன்னோர் இந்தச் சிக்கலை எத்தனை கருணையோடு தீர்த்துவைத்திருக்கிறார்கள் என்று நான் வியக்காத ஆண்டில்லை.

‘வரலாற்றில் இன்று’ பட்டியலுக்குள் இந்தக் கருணை இன்னும் வரவில்லை. அங்கே இடம்பெற ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழோ இறப்புப் பதிவோ வேண்டும். மன்னர், கவிஞர், விஞ்ஞானி, நடிகர் எல்லாருக்கும் அது இருக்கிறது. பால் வெட்டியவருக்கு இல்லை. இப்படியே ஒவ்வொரு நாளும் படித்துக்கொண்டிருந்தால், தேதி உள்ளவர்கள் மட்டுமே வரலாற்றில் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். இதை நான் சாதாரணமான குறையாக நினைக்கவில்லை.

ஆகவே, பிப்ரவரி 15க்கு நாமே ஒரு பக்கம் தயாரிப்போம். தமிழாசிரியர்கள் முழுமைத் தற்காப்பு நாளில் 1942ஐச் சொல்லும்போது 1915ஐயும் சேர்த்துச் சொல்லட்டும், சிப்பாய்கள் கொன்றவர்களையும் சிப்பாய்களைக் கொன்றதையும் ஒளிக்காமல். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்னிலக்கமாக்கி வைத்திருக்கிறது. 1915ஆம் ஆண்டு ஆங்கில நாளிதழ்களையும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்களின் வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன, தமிழிலும் உண்டு. முன்பு விக்டோரியா நினைவு மண்டபமாக இருந்த விக்டோரியா இசையரங்கிலும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் 1915இல் கலகக்காரர்கள் கையில் இறந்தவர்களின் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம். கிராஞ்சியில், அவரவர் சமயப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. பெரும்பாலோர் இந்தியர்கள். அங்கே ஒருமுறை போய் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கட்டும்.

அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியை நான் தேதி இல்லாதவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறேன். பெயர், சொந்த ஊர், வேலை செய்த தோட்டம் அல்லது துறைமுகம், கடைசியாகப் பார்த்த இடம். இவ்வளவு போதும். ஜப்பானியர் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது தொண்ணூறை எட்டிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். போய்க் கேட்கிறவர்கள் பதிவு கருவியைத் தூக்கி முன்னால் வைத்துவிடாமல், முதலில் உட்கார்ந்து காப்பி குடியுங்கள். தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர் வந்துவிட்டால் லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது தானாக வரும், யார் போனார்கள் என்பதும் வரும். முகப்பில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: “எந்த வருடம்?” என்று தொடங்கினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

எங்கள் குழு இந்த ஆண்டு ஒரு தாள் அச்சிடுகிறது. டுண்டே கான், சிஸ்தி கான், காசிம் மன்சூர் பெயர்கள் மேலே வருகின்றன. கலகத்தில் உயிரிழந்த பொதுமக்களுக்கும் அங்கேயே இடம். பிறகு 1942. அதன் கீழே என் தாய்மாமா பெயரும் மற்ற இரண்டு குடும்பங்கள் கொடுத்த பெயர்களும் இருக்கின்றன. இன்னும் பாதித் தாள் காலியாக இருக்கிறது. பிப்ரவரி 10க்குள் பெயர் கிடைத்தால் அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.